பழைய கிளாரபெல்லா, பழைய ட்ரம்பெட்: ஒன்று மலிவாக முடிகிறது, மற்றதற்கு ஏன் மூன்று மடங்கு செலவு?

மிட்லண்ட்ஸ்_செயலாளர் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள ஒரு கிராமத் தேவாலயத்தின் நிர்வாகக் குழுவில் செயலாளராக இருக்கிறேன். எங்கள் பைப் ஆர்கன் விக்டோரியா மகாராணி காலத்தது, சிறியது, இரண்டு விசைப்பலகையும் பெடலும் கொண்டது. அதைக் கட்டியவர்கள் இரண்டு ஸ்டாப்புகளுக்கு, அதாவது ஒரே வகைக் குரல் தரும் இரண்டு குழல் வரிசைகளுக்கு, இடம் மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கிரேட் என்ற முதன்மைப் பகுதியில் ஒன்று, ஷட்டர்களைத் திறந்து மூடி ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஸ்வெல் பெட்டிக்குள் ஒன்று. இழுக்கும் குமிழ் இருக்கிறது, உள்ளே அந்த வரிசைக்குக் காற்றைத் திறந்து மூடும் ஸ்லைடர் பலகை இருக்கிறது, மேலே குழல்கள்தாம் இல்லை. பணம் சேர்ந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்று அன்றைய சபையார் நினைத்திருக்க வேண்டும்.

பக்கத்து ஊரில் ஒரு தேவாலயம் மூடப்பட்டது. அங்கிருந்த ஆர்கனிலிருந்து இரண்டு வரிசைக் குழல்கள் எங்களுக்குக் கிடைத்தன: எட்டடி கிளாரபெல்லா ஒன்று, எட்டடி ட்ரம்பெட் ஒன்று. கிளாரபெல்லா மரத்தால் ஆன புளூட். ட்ரம்பெட் ரீட் வகை, அதாவது அதிரும் நாக்கால் ஒலிப்பது. பேராயத்தின் அனுமதியும் வந்துவிட்டது.

சிக்கல் விலைப்புள்ளியில் தொடங்கியது. கிளாரபெல்லாவைப் பொருத்த ஆர்கன்காரர் கேட்டிருக்கும் தொகையைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு ட்ரம்பெட்டுக்குக் கேட்டிருக்கிறார். ட்ரம்பெட்டைப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும், பிறகு தேவாலயத்துக்குள் சில நாட்கள் உட்கார்ந்து குரல் திருத்த வேண்டும், அந்த நாட்களில் ஞாயிற்றுக்கிழமை போலவே சூடேற்றி வைக்க வேண்டும் என்கிறார். எங்கள் பொருளாளர் ஓய்வுபெற்ற கணக்கர். "இரண்டும் குழல்தானே? துளை இருக்கிறது, அதில் நிறுத்த வேண்டியதுதானே?" என்று அந்தக் கடைசி வரியை அடித்துவிடப் பார்க்கிறார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். கிளாரபெல்லாவில் கீழ்ப் பன்னிரண்டு குழல்கள் இல்லை. இருக்கிற ஸ்டாப்டு டயபேசன் என்ற ஸ்டாப்பின் கீழ்க்குழல்களையே அதற்கும் பயன்படுத்தலாம் என்கிறார் ஆர்கன்காரர். இது ஒப்பேற்றுகிற வேலையா? அடுத்தது, எங்கள் ஸ்வெல்லில் ஏற்கெனவே ஓர் ஓபோ இருக்கிறது. அதுவும் ரீட்தான். குளிர்கால ஞாயிறுகளில் அதன் சுருதி மற்ற ஸ்டாப்புகளோடு ஒட்டாமல் நிற்கிறது. ட்ரம்பெட்டும் இப்படித்தான் படுத்தும் என்றால் எதற்கு வாங்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குழல்வேலை எழுதுகிறார்:

சகோதரி, உங்கள் பொருளாளர் அடிக்க நினைக்கும் அந்த வரியைத்தான் அடிக்கவே கூடாது. பணம் போதவில்லை என்றால் வேறு எதையாவது தள்ளிப்போடுங்கள். பழைய குமிழ்களுக்கு மெருகேற்றுவது காத்திருக்கும், ஆர்கன் முகப்புக்கு வண்ணம் தீட்டுவது காத்திருக்கும். குழல்களைத் தேவாலயத்துக்குள்ளேயே பேசவைக்கிற நாட்களில் கை வைக்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் தச்சுவேலை பழகி, இங்கிலாந்தில் ஓர் ஆர்கன் பட்டறையில் மரவேலைக்குச் சேர்ந்து, பிறகு ரீட் மேசைக்கு மாறியவன் நான். மரக்குழலும் என் கையால் செய்திருக்கிறேன், ரீட் நாக்கும் வளைத்திருக்கிறேன். இரண்டையும் ஒரே தராசில் வைப்பதைக் கேட்டால் மனம் பொறுக்கவில்லை.

முதலில் கிளாரபெல்லா. புளூட் குழலுக்குள் அசைகிற பாகம் எதுவும் கிடையாது. காலிலுள்ள துளை வழியே காற்று ஏறுகிறது; வாயருகே உள்ள குறுகிய இடுக்கில் மெல்லிய தகடாக வெளிப்படுகிறது; மேலுதட்டில் பட்டு உள்ளும் வெளியுமாக ஆடுகிறது. குழலுக்குள் நிற்கும் காற்றுத் தம்பம்தான் சுருதியைத் தீர்மானிக்கிறது. எட்டடி ஸ்டாப்பின் கீழ் சி-க்குத் திறந்த குழல் என்றால் ஏறக்குறைய 2.4 மீட்டர் நீளம் வேண்டும். மேல்முனையை அடைத்துவிட்டால் 1.2 மீட்டரே போதும், அதே சுருதி கிடைக்கும். உங்கள் ஸ்டாப்டு டயபேசன் அந்த வகை. அடைத்த குழலில் ஒற்றைப்படை மேற்சுரங்கள் ஓங்கி நிற்பதால் அதன் குரலில் சற்று உள்ளடங்கிய தன்மை இருக்கும். கிளாரபெல்லா திறந்த குழல். அதனால் அதன் குரல் உருண்டு வெளியே வரும்.

நல்ல மரத்தில் செய்த புளூட், வாய் சேதப்படாமல் வந்திருந்தால், புது இடத்தில் பெரிய பிடிவாதம் பிடிக்காது. பார்க்க வேண்டியவை சிலதான். மரம் உளுத்திருக்கிறதா, அதாவது துளைகளிலிருந்து புதுத் தூள் உதிர்கிறதா? ஒட்டிய விளிம்புகள் பிளந்திருக்கின்றனவா? விரிசல் வழியே காற்று கசிந்தால் குழல் தன் சுரத்தை விட்டுவிட்டு மேற்சுரத்துக்குத் தாவும், இல்லையென்றால் முனகும். மேலுதட்டை யாராவது முன்பே உயர்த்தி வெட்டியிருக்கிறார்களா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு முறை வெட்டினால் வெட்டியதுதான், திரும்ப இறக்க வேண்டுமென்றால் புது மரம் ஒட்ட வேண்டும்.

கீழ்ப் பன்னிரண்டு குழல்கள் பற்றிக் கவலையே வேண்டாம். அவை தொலைந்துபோகவில்லை, ஒருவேளை ஒருபோதும் இருந்திருக்கவே மாட்டா. கிளாரபெல்லாவை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லண்டனில் பிஷப் என்ற ஆர்கன் கட்டுநர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபோதே அது மேல்பாதிக்கான ஸ்டாப்பாகத்தான் இருந்தது. கீழே ஸ்டாப்டு டயபேசன் தாங்கும். அந்தப் பழக்கம் இங்குள்ள கிராமத்து ஆர்கன்களில் நூற்றாண்டு முழுக்கத் தொடர்ந்தது. குழல்கள் நிற்கும் காற்றுப்பெட்டியின் மேற்பலகையில் ஒரு வாய்க்கால் குடைந்து இரு ஸ்டாப்புகளும் ஒரே கீழ்க்குழல்களைப் பகிர்ந்துகொள்ளும்படி செய்வது முறையான வேலை. கீழிருந்து மேலே போகும்போது அடைத்த குழலின் குரலிலிருந்து திறந்த குழலின் குரலுக்கு மாறுகிற அந்த ஓரிரண்டு சுரங்களில் தையல் தெரியாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்கும் தேவாலயத்துக்குள்ளே கேட்டுத் திருத்துவதுதான் வழி.

இனி ட்ரம்பெட். இது குழல் என்பதைவிட ஒரு சிறு இயந்திரம் என்று பொருளாளரிடம் சொல்லுங்கள். கீழே பூட் என்ற கூடு. அதற்குள் ஒரு காரீயக் கட்டி. கட்டியிலிருந்து கீழ்நோக்கித் தொங்கும் ஷாலட் என்கிற பித்தளைச் சிறுகுழாய், அதன் ஒரு பக்கம் திறந்திருக்கும். அந்தத் திறப்பின்மேல் மெல்லிய பித்தளை நாக்கு ஒன்று. நாக்கின் மேல்முனையை ஒரு மர ஆப்பு இறுக்கிப் பிடிக்கிறது. கீழ்முனை விட்டு நிற்கிறது. காற்று வந்ததும் நாக்கு ஷாலட்டின்மீது அடித்து அடித்து மூடித் திறக்கிறது. நம்மூர் ஹார்மோனியத்தில் நாக்கு சட்டத்தின் துளைக்குள் முன்னும் பின்னும் தாராளமாகப் போய்வரும், எதிலும் மோதாது. இங்கே மோத வேண்டும். அந்த மோதலில் பிறக்கும் ஓசையை மேலே நிற்கும் கூம்பு தன் நீளத்துக்கேற்ற குரலாக்கித் தருகிறது. கூம்பு காரீயமும் வெள்ளீயமும் கலந்த உலோகம், மிக மென்மையானது.

நாக்கு தட்டையாக இருந்தால் காற்று அதை ஷாலட்டோடு அழுத்தி மூடிவிடும், சத்தமே வராது. எனவே அதற்கு ஒரு வளைவு கொடுக்க வேண்டும். இந்த வளைவில்தான் ரீட்டின் உயிர் இருக்கிறது. நாக்கைக் கட்டையின்மேல் வைத்து, வழவழப்பான எஃகுத் தண்டை அழுத்தி நுனிவரை இழுப்போம். ஆப்பின் பக்கம் அழுத்தம் ஏறக்குறைய இல்லை; நுனியை நெருங்க நெருங்கக் கூடும். பிறகு ஷாலட்டின்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்போம். நாக்குக்கும் ஷாலட்டுக்கும் நடுவே தெரியும் ஒளிக்கீற்று, வேரில் ஒன்றுமில்லாமல் தொடங்கி நுனிவரை ஒரே சீராக அகல வேண்டும். நடுவில் எங்காவது கீற்று ஒரே அகலத்தில் நின்றுவிட்டால் அந்த இடம் தட்டை, குழல் கரகரக்கும். எங்காவது சட்டென்று அகன்றால் அங்கே முறிவு. குழல் தாமதமாகப் பேசும், பேசினாலும் பிசிறடிக்கும். விரலில் ஒட்டிய ஒரு தூசு நாக்குக்கும் ஷாலட்டுக்கும் நடுவே மாட்டினாலே குழல் ஊமையாகிவிடும். நாதஸ்வர வித்துவான் சீவாளியோடு படுகிற பாட்டை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். அவருக்குச் சீவாளி ஒன்று, எங்களுக்கு ஒரே ஸ்டாப்பில் ஐம்பதுக்கு மேல்.

இன்னொன்று, காற்றழுத்தம். இதை யாரும் உங்களிடம் பேசவில்லை என்றால் உடனே பேசுங்கள். கிராமத்து ஆர்கன்களில் அழுத்தம் பெரும்பாலும் மூன்று அங்குலத்தை ஒட்டி இருக்கும். அதாவது வளைந்த கண்ணாடிக் குழாயின் இரு பக்கத் தண்ணீர் மட்டங்களுக்கும் இடையே ஏறக்குறைய 75 மில்லிமீட்டர் வித்தியாசம் தெரியும். உங்களுக்கு வந்த ட்ரம்பெட் நான்கு, ஐந்து அங்குல அழுத்தத்துக்கு வளைத்ததாக இருந்தால், மூன்று அங்குலக் காற்றுக்கு அதன் நாக்கு அசையவே தயங்கும். வளைவைக் குறைத்தால் பேசும், ஆனால் குரல் மெலியும். சில வரிசைகளுக்கு மெல்லிய தகட்டில் புது நாக்குகளே வெட்ட வேண்டிவரும். ரீட்டும் அழுத்தமும் அவ்வளவு நெருங்கியவை. 1841இல் பாரிஸுக்கு அருகே செயின்ட் டெனி பேராலயத்தில் பிரெஞ்சு ஆர்கன் கட்டுநர் கவாயே-கோல் கட்டிய ஆர்கனில் கீழ்ச்சுரங்களுக்கு ஓர் அழுத்தம், மேற்சுரங்களுக்கு அதைவிடக் கூடிய அழுத்தம் என்று பிரித்துக் கொடுத்தார். மேலே போகப்போக ரீட்டுகளின் குரல் மெலிந்துபோகாமல் நின்றது அதனால்தான். அதே ஆர்கனில்தான் இரட்டை நீளமும் நடுவில் ஒரு சிறு துளையும் கொண்ட ஹார்மோனிக் புளூட்டையும் வைத்தார். புளூட்டுக்கும் ரீட்டுக்கும் அவ்வளவு ஈடுபாட்டோடு உழைத்த மனிதர் வேறு யாரையும் எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே பட்டறை வேலை என்பது ஒவ்வொரு பூட் கூட்டையும் கழற்றி, சுத்தம் செய்து, நாக்கு, ஆப்பு, நாக்கை அழுத்தி நின்று சுருதியைச் சரிசெய்கிற கம்பி எல்லாவற்றையும் பார்த்து, உங்கள் அழுத்தத்தில் வைத்துப் பேசவைப்பது. தேவாலய வேலை என்பது அதே குழலை உங்கள் கூரைக்கும் கல்சுவருக்கும் ஏற்பத் திருத்துவது. பட்டறையில் அழகாகப் பேசிய சுரம் ஸ்வெல் பெட்டிக்குள் போனதும் குரைக்கலாம், பக்கத்துச் சுரம் காணாமல் போகலாம். இதைப் பட்டறையிலிருந்தே யாராலும் ஊகிக்க முடியாது.

உங்கள் ஓபோவுக்கு வருகிறேன். அது தவறு செய்யவில்லை. சூடு ஏறினால் காற்றில் ஒலியின் வேகம் கூடும். ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் நொடிக்கு ஏறக்குறைய 0.6 மீட்டர். காற்றுத் தம்பத்தை நம்பி நிற்கும் புளூட், டயபேசன் எல்லாம் அதோடு சேர்ந்து மேலே போகும். 10 டிகிரியில் நொடிக்கு 440 அதிர்வு என்று ஒலித்த குழல் 18 டிகிரியில் 446ஐத் தொடும். அரைச்சுரத்தில் கால் பங்கு வித்தியாசம். ரீட்டின் சுருதியைப் பெரிதும் நிர்ணயிப்பது பித்தளை நாக்கு. அது சற்றே நகருமே தவிர, பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்கும். ஊரே மேட்டுக்கு ஏறியபிறகு ஓபோ மட்டும் கீழே நிற்பதாகக் காதுக்குப் படுகிறது. எல்லோரும் ஓபோவைத் திட்டுகிறார்கள்.

யாராவது உள்ளே போய் ஓபோவின் கம்பியைத் தட்டிச் சரிசெய்கிறாரா என்று விசாரியுங்கள். கம்பியைக் கீழே தட்டினால் நாக்கின் அசையும் நீளம் குறைந்து சுருதி ஏறும். மேலே தட்டினால் இறங்கும். சூடான ஞாயிறன்று ஏற்றிவிட்டு, குளிர்ந்த புதன்கிழமை இறக்கிவிட்டு, இப்படி மாறி மாறித் தட்டினால் கம்பி தளரும், நாக்கின் வளைவும் கெடும். ஆர்கன்காரர் ஏன் ஞாயிற்றுக்கிழமைபோல் சூடேற்றச் சொல்கிறார் என்பது இப்போது விளங்கும். வாசிக்கிற சூட்டில்தான் சுருதி சேர்க்க வேண்டும். அதுவும் புளூட்டையும் டயபேசனையும் அந்தச் சூட்டில் வைத்து, ரீட்டுகளை அவற்றோடு சேர்க்க வேண்டும்.

செலவே இல்லாத ஒரு காரியம் இருக்கிறது. வாசித்து முடித்ததும் ஸ்வெல் பெட்டியின் ஷட்டர்களைத் திறந்து வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். மூடி வைத்தால் பெட்டிக்குள் ஒரு சூடும் வெளியே ஒரு சூடுமாக நிற்கும். அடுத்த ஞாயிறு கிரேட்டும் ஸ்வெல்லும் ஒன்றோடொன்று ஒட்டாது.

பெடல்பலகை எழுதுகிறார்:

குழல்வேலை ஐயா சொன்ன விவரங்களில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வாசிக்கிறவளாக ஒரு மாற்றுக் கருத்து. லண்டனின் தென்பகுதியில் ஒரு தேவாலயத்தில் ஞாயிறு காலை ஆங்கில ஆராதனைக்கும், மாலையில் தமிழ் ஆராதனைக்கும் நான்தான் ஆர்கன் வாசிக்கிறேன்.

சகோதரி, கிளாரபெல்லாவை உடனே வையுங்கள். வேதாகமச் சங்கீதங்களைப் பாடும்போது பாடகர் குழுவுக்குக் கீழே மெத்தைபோல் விரிக்கிற ஸ்டாப் அது. தனியாக வாசித்தாலும் நிற்கும், நான்கடி புளூட் ஒன்றைச் சேர்த்தாலும் நிற்கும், இரங்கல் ஆராதனையில் மெதுவாக ஒரு கீர்த்தனையை அதில் வாசித்தால் சபையார் தாமாகவே பாடத் தொடங்குவார்கள். ஆண்டில் 52 ஞாயிறும் அதற்கு வேலை இருக்கும்.

ட்ரம்பெட் அப்படியல்ல. கிறிஸ்துமஸ், ஈஸ்டர், திருமணங்கள், பெரிய பாட்டின் கடைசிச் சரணம். அது வேண்டாம் என்று சொல்லவில்லை. ஸ்வெல் பெட்டிக்குள் நல்ல ட்ரம்பெட் இருந்து, ஷட்டரை மூடி வைத்து முழு ஸ்வெல்லையும் இழுத்து, மெல்லத் திறக்கும்போது எழுகிற அந்த முழக்கத்துக்கு ஈடு கிடையாது. ஆனால் உங்களிடம் இருக்கிற ஓபோ எந்த நிலையில் இருக்கிறது? எந்த ரீட்டையும் பல பத்தாண்டுகள் சுத்தம் செய்யாமல் விட்டிருந்தால், புதிதாக ஒரு ரீட் வாங்குவதற்குமுன் இருப்பதைச் செப்பனிடுவதே முறை. ஓபோ தனி மெட்டு வாசிக்கவும் உதவும், மற்றவற்றோடு சேர்ந்து நிறம் கொடுக்கவும் உதவும். பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், நான் ஓபோவைத்தான் பட்டறைக்கு அனுப்புவேன். ட்ரம்பெட்டைப் பாதுகாப்பாக வைத்துவிட்டு அடுத்த ஆண்டு பார்ப்பேன்.

பொருளாளரை ஒரு நாள் ஆர்கன் பக்கத்தில் உட்காரவையுங்கள். முதலில் புளூட் மட்டும், பிறகு ஓபோ மட்டும், பிறகு இரண்டும் சேர்த்து அதே பாட்டை வாசிக்கச் சொல்லுங்கள். கணக்குப் பார்க்கிறவர்களுக்கும் காது இருக்கிறது.

மணிலாவிலிருந்து எழுதுகிறார்:

நான் ஆர்கன் வாசிப்பவன் அல்லன். வேலை நிமித்தமாக பிலிப்பைன்ஸில் இருக்கிறேன். இங்கே மணிலாவுக்குத் தெற்கே லாஸ் பினியாஸ் என்ற ஊரில் ஓர் ஆர்கன் இருக்கிறது. இந்த இழையைப் படித்ததும் அதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் புளூட்டுக்கும் ரீட்டுக்கும் உள்ள வேற்றுமை அதன் உடம்பிலேயே தெரிகிறது.

டியகோ செரா என்ற ஸ்பானியத் துறவி அந்த ஊரின் பங்குக் குரு. 1816இல் ஆர்கன் கட்டத் தொடங்கினார். அவருக்குக் கைக்கெட்டியது மூங்கில். மூங்கில்களை வெட்டிக் கடற்கரை மணலில் புதைத்து வைத்து, பூச்சி அரிக்காமல் தப்பியவற்றை எடுத்துக் குழலாக்கினார். மொத்தம் 1031 குழல்கள்; அவற்றில் 902 மூங்கில். மீதி 129 உலோகம். புளூட் குடும்பத்துக் குரலுக்கு மூங்கில் இணங்கியது. ட்ரம்பெட்டுக்கு இணங்கவில்லை. அந்தக் குரலை மூங்கிலில் கொண்டுவர முடியாது என்று கண்டு, ட்ரம்பெட்டுகளை உலோகத்திலேயே செய்தார். 1824இல்தான் முழு ஆர்கனும் முடிந்தது. ஸ்பானிய வழக்கப்படி அந்த ட்ரம்பெட்டுகள் முகப்பிலிருந்து சபையை நோக்கிக் கிடைமட்டமாக நீட்டிக்கொண்டு நிற்கின்றன. கீழே நின்று பார்த்தால் மூங்கில்களின் பழுப்பு நிறத்துக்கு நடுவே அவை மட்டும் தனித்துத் தெரியும்.

1973இல் அதைப் பிரித்து ஜெர்மனியின் பான் நகரிலுள்ள கிளைஸ் பட்டறைக்கு அனுப்பினார்கள். அங்குள்ள குளிர்ந்த வறண்ட காற்றில் மூங்கில் வெடித்துவிடக் கூடாது என்பதற்காக, பிலிப்பைன்ஸின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் கொண்ட ஓர் அறையை அமைத்து அதில் வைத்து வேலை செய்தார்கள். 1975இல் ஆர்கன் ஊர் திரும்பியது. ஆர்கன் நிற்கப்போகிற இடத்தின் காற்றை பட்டறையிலேயே உண்டாக்கிக்கொண்டார்கள் என்றால், உங்கள் ஆர்கன்காரர் ஞாயிற்றுக்கிழமைச் சூட்டைக் கேட்பது பெரிதல்ல என்று எனக்குப் படுகிறது. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில் அங்கே இசை விழா நடக்கிறது. இந்தப் பக்கம் வருகிறவர்கள் தவறவிட வேண்டாம்.

மிட்லண்ட்ஸ்_செயலாளர் மீண்டும்:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. குழல்வேலை ஐயாவின் பதிலை ஆங்கிலத்தில் எழுதிப் பொருளாளரிடம் கொடுத்தேன். 440, 446 என்ற கணக்கைப் பார்த்ததும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சூடேற்றும் செலவை அடிக்கவில்லை, ஒப்புக்கொண்டுவிட்டார். ஓபோ பற்றி பெடல்பலகை அக்கா சொன்னதையும் அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன். ஓபோவின் கம்பியை யார் தட்டுகிறார் என்று விசாரித்ததில், பழைய மணியடிப்பாளர் ஒருவர் நல்லெண்ணத்தில் செய்துவந்தது தெரிந்தது. அவரிடம் அன்பாகச் சொல்லியாகிவிட்டது.

இப்போது வேறொரு கவலை. குழல்கள் எங்கள் உடைமாற்றும் அறையில் தரையில் கிடக்கின்றன. ட்ரம்பெட் கூம்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. சிலவற்றின் கீழ்நுனி நசுங்கியதுபோல் தெரிகிறது. எல்லாவற்றிலும் கரி படிந்திருக்கிறது. இளைஞர்கள் சிலர் சனிக்கிழமை வந்து கழுவித் தருவதாகச் சொல்கிறார்கள். செய்யலாமா? மூடிய தேவாலயத்தில் மற்றக் குழல்களும் காற்றுப்பெட்டியும் இன்னும் அப்படியே இருக்கின்றன. இம்மாதக் கடைசியில் கட்டடத்தை வாங்கியவர் எடுத்து அகற்றப்போகிறாராம். அங்கே வேறு ஏதாவது எடுக்க வேண்டுமா?

குழல்வேலை எழுதுகிறார்:

இளைஞர்களின் ஆர்வத்தை வேறு வேலைக்குத் திருப்புங்கள். ரீட் குழல்களில் தண்ணீர் படவே கூடாது. பூட் கூட்டைக் கழற்ற வேண்டாம். கம்பியை அசைக்க வேண்டாம். பழைய ஆர்கன்காரர் கடைசியாக விட்டுச்சென்ற சுருதி அந்தக் கம்பி நிற்கும் இடத்தில் இன்னும் இருக்கிறது. நாக்கின் வளைவைப் படிக்கிறவருக்கு அது பெரிய துணை. கிளாரபெல்லாவுக்கு மென்மையான பிரஷ்ஷும் வெளிப்புறம் மட்டும் ஒரு வேக்கம் கிளீனரும் போதும். வாய்ப்பக்கம் எதையும் நுழைக்க வேண்டாம்.

அவர்கள் செய்யக்கூடியது தட்டுகள். நீளமான ஆழமற்ற மரத்தட்டுகள், உள்ளே பழைய போர்வை விரித்தது. ஒரு தட்டில் ஒரே அடுக்கு, குழலின்மேல் குழல் வராமல். ஒவ்வொரு குழலிலும் சுரத்தின் எழுத்து கீறியிருக்கும். அந்த வரிசையில் படுக்கவையுங்கள். அறையில் ரேடியேட்டர் இருந்தால் அதிலிருந்து தள்ளி. கைப்பிடிக்கும்போது கூம்பின் நடுவையும் பூட் கூட்டையும் சேர்த்து இரண்டு கையால் தாங்கித் தூக்கச் சொல்லுங்கள். கூம்பை மட்டும் பிடித்துத் தூக்கினால் கீழ்நுனி வளைந்துவிடும். நீங்கள் பார்த்த நசுக்கம் இடமாற்றத்தில் வந்ததாகவும் இருக்கலாம், நூறாண்டுப் பாரத்தில் தானே உட்கார்ந்ததாகவும் இருக்கலாம். இரண்டையும் பட்டறையில் சரிசெய்யலாம், நுனியில் புது உலோகம் வைத்து ஒட்டிக்கூட. பொருத்தும்போது உயரமான கூம்புகளுக்கு மேல்பக்கத்தில் ஒரு தாங்குசட்டம் வைத்து நாடாவால் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். அது இல்லாமல் மென்மையான உலோகம் மெல்ல மெல்லச் சாயும். ஸ்வெல் பெட்டியின் உள்ளுயரத்தையும் இப்போதே அளந்துவிடுங்கள்; கீழ்ச்சுரங்களின் கூம்புகள் உயரத்துக்கு அடங்காவிட்டால் மேல்பகுதியை வெட்டி மடக்கி ஒட்ட வேண்டியிருக்கும், அது விலைப்புள்ளியில் வர வேண்டும்.

ட்ரம்பெட் வரிசையின் உச்சியில் சில குழல்களுக்கு நாக்கே இல்லாமல் சாதாரணக் குழல்போல் இருந்தால் திடுக்கிடாதீர்கள். அவ்வளவு சிறிய நாக்கு நிலைத்துப் பேசாது என்பதால் உச்சச் சுரங்களுக்குத் திறந்த குழல்களையே வைப்பது வழக்கம். அவை சூட்டோடு சேர்ந்து மேலே போகும், கீழே இருக்கிற ரீட்டுகள் போகா. சுருதி சேர்க்கிறவருக்கு அது தெரிந்திருக்கும்.

குழல் நிறுத்துவதற்குமுன் ஸ்லைடர் பலகை சீராக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்; இத்தனை காலம் குழலே இல்லாமல் கிடந்தது, ஈரத்தில் ஊதியோ வறட்சியில் பிளந்தோ இருக்கலாம். பிறகு காற்று ஊதும் புளோயரை ஓட்டி, அந்த ஸ்டாப்பை இழுத்து, கீழிருந்து மேல்வரை ஒவ்வொரு கட்டையாக அழுத்தி உள்ளே அடைந்த மரத்தூளையும் பூச்சிக்கூட்டையும் ஊதித் தள்ள வேண்டும். இதைச் செய்யாமல் ட்ரம்பெட்டை நிறுத்தினால் அத்தனை குப்பையும் நாக்குகளில் போய் உட்காரும். உங்கள் ஆர்கன்காரர் இதையெல்லாம் சொல்லாமலே செய்கிறவராகத்தான் தெரிகிறார்.

பெடல்பலகை சகோதரி ஓபோ பற்றிச் சொன்னது சரி. ஆனால் ட்ரம்பெட்டை ஓராண்டு தள்ளுவதைவிட இரண்டையும் சேர்த்து ஒரே முறையாகப் பட்டறைக்கு அனுப்புவதற்கு விலை கேட்டுப் பாருங்கள். பூட் கூட்டைக் கழற்றி, மேசையைச் சீர்செய்து, அழுத்தத்தை வைக்கிற வேலை ஒரு முறைதான். தேவாலயத்துக்குள் சூடேற்றுவதும் ஒரு முறைதான். இரண்டு ரீட்டும் ஒரே கையால், ஒரே சூட்டில் திருத்தப்பட்டால் ஒன்றோடொன்று கலக்கும்.

மூடிய தேவாலயத்தில் முதலில் எடுக்க வேண்டியது ஒன்று உண்டு, அது பொருள் அல்ல, அளவு. அங்குள்ள புளோயர் இன்னும் ஓடுகிற நிலையில் இருந்தால், ஆர்கன்காரரை நான் சொன்ன வளைந்த கண்ணாடிக் குழாயோடு அனுப்புங்கள். ட்ரம்பெட் நின்ற துளையில் அதை வைத்து, ஒரு கட்டையை அழுத்தி, இரு பக்க மட்டங்களுக்கும் எத்தனை அங்குல வித்தியாசம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். உங்கள் ட்ரம்பெட் எந்தக் காற்றில் பேசிப் பழகியது என்று அப்போது தெரிந்துவிடும். புது நாக்குகள் வெட்ட வேண்டுமா, இருப்பவற்றை வளைத்தால் போதுமா என்பதில் பாதி முடிவு அங்கேயே கிடைக்கும். ட்ரம்பெட் நின்ற இடத்தின் தாங்கிப் பலகையையும் கேட்டு வாங்கிவிடுங்கள்; துளைகள் பூட் கூடுகளின் அளவுக்கே வெட்டியிருக்கும், உங்களுக்குப் புதிதாக வெட்டுகிற செலவு குறையலாம். வாங்கியவர் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டால் புளோயர் ஓடாது. ஆகவே மாதக் கடைசிவரை காத்திருக்காமல், இந்த வாரமே அவரைத் தொலைபேசியில் அழைத்து ஒரு காலை நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.